யாரும் பார்க்காத கழுத்து

கழுத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். "யாரு கழுத்து?" என்றாள். ஐம்பதைத் தாண்டியவனிடம் இப்படி ஒரு சந்தேகம் கேட்கப்படுவது கௌரவம்தான். ஒரு நிமிடம் அந்த கௌரவத்தை அனுபவித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். "அக்கா கழுத்து. மாமா கழுத்து." அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்மக்கதை எழுதும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது; முயன்றபோதெல்லாம் கொலைகாரன் யார் என்று இரண்டாம் பக்கத்திலேயே உளறியிருக்கிறேன். என் அக்காவுக்குத் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்தது, பிழைத்துக்கொண்டாள். சில வருடங்கள் கழித்து அவள் கணவருக்கு அதே இடத்தில் அதே நோய் வந்தது, அவர் பிழைக்கவில்லை. இரண்டு கழுத்துகளுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் மருத்துவம் பாதிகூட இல்லை. அதுதான் இத்தனை வருடமாக உறுத்துகிறது.

எண்பதுகளின் நடுவில் நான் ஆவடியில் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் வேலை. குவார்ட்டர்ஸ் வீடு: ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு மச்சான். அந்த மச்சான்தான் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கொள்முதல் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை போக மீதி நேரத்தில் கிளை நூலகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன்; படித்ததை மாலையில் மாமாவிடம் ஒப்பிப்பேன். அவர் காதில் மெஷின் இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் பெரும்பாலும் சேதமில்லாமல் தப்பித்துவிடுவார். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் உண்டு. அவளுக்கு இதில் அதிக வேலை இல்லை. அவள் பங்கு அழுகையை அவளே எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் பிளாக்கில் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். மொழி நான்கு மாதிரி, குழம்பு நாற்பது மாதிரி. ஆனால் அட்டிகை ஒன்றுதான். மாடி வீட்டுத் திருநெல்வேலி அம்மாளுடையது. சிவப்புக் கல் பதித்து, கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். பிளாக்கில் யார் வீட்டிலிருந்து யார் கல்யாணத்துக்குப் போனாலும் அது கூடவே போய்விட்டு வரும். பட்டாபிராமில் ஒரே முகூர்த்த நாளில் காலையில் ஒருத்தி கழுத்திலும் மாலை வரவேற்பில் இன்னொருத்தி கழுத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பிளாக்கிலேயே அதிகம் வெளியூர் போன ஆள் அந்த அட்டிகைதான்.

நெமிலிச்சேரியில் ஒரு கல்யாணம். அக்கா கிளம்பிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலி அம்மாள் பின்னால் நின்று அட்டிகையைப் பூட்டப் பார்க்கிறாள். கொக்கி எட்டவில்லை.

"ஏட்டி, ஆனி மாசம் போட்டப்ப லூசால்லா கெடந்துச்சு. இப்ப என்ன எட்டமாட்டேங்கு?"

"ஒடம்பு போட்டுட்டேன் போலக்கா."

"எங்க போட்ட? கை குச்சி மாதிரி இருக்கு." அந்த அம்மாள் அக்காவைத் தோளைப் பிடித்துத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, மோவாயை நிமிர்த்தினாள். "இது என்னட்டி, உருண்டையா?"

அக்கா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மாறாக, கல்யாணத்துக்குப் போகாத பெண்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி அழுத்திப் பார்த்தாள். ஒருத்தி எச்சில் விழுங்கச் சொன்னாள். ஒருத்தி இதற்கு உப்புதான் காரணம் என்றாள், ஒருத்தி தண்ணீர் என்றாள், ஒருத்தி தன் நாத்தனாருக்கு இதேபோல் வந்து எருக்கம்பால் வைத்ததில் கட்டி போய்விட்டது, நாத்தனார் மட்டும் அப்படியே இருக்கிறாள் என்று வருத்தப்பட்டாள். பருத்திப்பட்டில் குடியிருந்த மாமாவின் சித்தி மறுநாள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வாயில் கதவைத் திறந்தால், யாரென்றே தெரியாத ஒரு அம்மாள் நின்றுகொண்டு, "கழுத்துக்காரம்மா ஊடு இதானே?" என்றார்.

இந்தத் தொல்லை தாங்காமல்தான் மாமா அக்காவைத் தொழிற்சாலை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்கள். எரிச்சலாக இருந்தது எங்களுக்கு. அந்த எரிச்சலுக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தோம் என்று பிறகு தெரிந்தது.

டாக்டர் அதிகம் பேசாதவர். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த வாரம் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, கெட்ட கட்டிதான், ஆனால் கெட்டவற்றில் நல்லது என்றார். மெதுவாக வளர்கிற வகை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள், எடுத்துவிடலாம்.

அக்கா தன் நோயை அநியாய விலை சொல்லும் காய்கறிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஏன் சார், எனக்குப் போயி? பீடியா, சாராயமா? நான் என்னா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. இது பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருது."

"ஏன்?"

டாக்டர் பேனாவை மூடினார். "சரியாத் தெரியாது. பொம்பளைங்க உடம்புல சுரக்கிற ஹார்மோனுக்குச் சம்பந்தம் இருக்கலாம்னு நினைக்கிறாங்க. முடிவாச் சொல்ல முடியல."

பஸ்ஸில் திரும்பினோம். பாடி நிறுத்தம் தாண்டியதும் அக்கா ஆரம்பித்தாள். "தண்ணி லாரி வந்தா பொம்பளைங்க. ரேஷன் கடைன்னா பொம்பளைங்க. இதுவும் பொம்பளைங்களுக்கா? ஏன்னு கேட்டா டாக்டருக்கே தெரியாதாம். தெரியாத வேலை எல்லாம் நம்ம தலையில."

"தலையில இல்லம்மே, கழுத்துல" என்றார் மாமா. அக்கா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் 'ஸ்ஸ்' என்றது கண்டக்டர் வரைக்கும் கேட்டது.

அறுவை சிகிச்சையன்று காலையில் தாலிச் சரட்டைக் கழற்ற வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். மாமாவின் சித்தி அதற்காகவே வந்தவர்போல தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் கத்தி வைக்கலாம், தாலியை எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நர்ஸ் பொறுமையாக, மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டி அனுப்பலாம் என்றார். கழற்றிய சரட்டை மாமாவிடம் கொடுத்தார்கள். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்; அது ஓட்டை. என்னைப் பார்த்தார், நான் அதைவிட ஓட்டை என்பது அவருக்குத் தெரியும். பேசாமல் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார்.

"கழுத்துல கீறது கழுத்துலதான் இருக்கணும், மச்சான்" என்றார்.

அன்று மதியம்வரை அந்த மனிதர் கட்டிய மனைவியின் தாலியை அணிந்துகொண்டு, மரத்தடியில் டீ குடித்தார். சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கழுத்தின் குறுக்கே மெல்லிய கோடு; செயின் போட்டால் மறைந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுளுக்கும். ஐந்து வருடம் ஒழுங்காகப் பரிசோதனைக்கு வாருங்கள், அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை என்றார் டாக்டர்.

டாக்டர் சொன்ன ஐந்து வருடத்தை மாமா ஏழுமலையானிடம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டுதல்: அக்கா ஐந்து வருடமும் நல்லபடியாகத் தாண்டினால் திருப்பதியில் முடிகாணிக்கை, அதுவரை முகத்தில் கத்தி படாது. தலைமுடியை மட்டும் அவ்வப்போது வெட்டிக்கொள்வார், மெஷினில் சிக்கும் என்று. தாடி வளர்ந்தது. அது அடக்கமாக வளர்கிற தாடி அல்ல. ஒரு வருடத்தில் நெஞ்சைத் தொட்டது; மெஷின் அருகில் அதைச் சுருட்டித் துணியால் கட்டிக்கொள்வார்.

தொழிற்சாலையில் கிண்டலுக்குக் குறைவில்லை. "இன்னா அண்ணாத்தே, லவ் பெயிலியரா?" "சாமி, நமக்கு ஒரு வாக்கு சொல்லுங்கோ, பிராவிடன்ட் பண்டு லோன் எப்போ வரும்?" ஐயப்பன்தாங்கல் டெப்போவில் ஒரு பாட்டியம்மா அவர் காலில் விழுந்து எழுந்ததும் நடந்தது. மாமா எல்லாவற்றையும் ரசித்தார். அக்காவுக்குக்கூட உள்ளூரப் பெருமைதான். பிளாக்கில் எத்தனையோ புருஷன்கள் பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்கள். தாடி வளர்த்தவர் இவர் ஒருவர்தான்.

நான் அந்த நாட்களில் இந்த நோயைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். கிடைத்தது கொஞ்சம். அதை நிறைய ஆக்கி, பெண்மையின் சுரப்பிகளைப் பற்றி மாமாவுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "அதானே. நம்ம கழுத்துல வர்றதுக்கு அது இன்னா, தாலியா?" என்றார். மூவரும் சிரித்தோம். நல்ல வேடிக்கை என்று பிறகு நண்பர்களிடமும் சொன்னேன். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் அன்றைக்கே ஒரு சட்டம் நிறைவேறிவிட்டது: இது பெண்களுக்கு வருவது. எதிர்த்து ஓட்டுப் போட அங்கே யாரும் இல்லை.

நான்காவது வருட வாக்கில் மாமாவின் குரல் கரகரத்தது. மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த எல்லோருக்குமே குரல் அப்படித்தான். இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்து உப்பு கேட்டாலும் ஊர்வலத்தில் கோஷம் போடுவதுபோலக் கேட்பார்கள். அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு சாப்பிடும்போது புரையேற ஆரம்பித்தது.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கா ஓடிவந்து அவர் உச்சந்தலையில் தட்டுவாள்.

"எவ நெனைக்கிறா?"

"பாட்டுக்காரி ஒருத்தி கீறா. பூந்தமல்லியில."

"இந்தத் தாடியப் பாத்துமா நெனைக்கிறா?"

"தாடியத்தான் நெனைக்கிறா."

தினமும் நடக்கிற நாடகம் இது. வசனம் மட்டும் கொஞ்சம் மாறும். சில நாள் தன் சித்தி நினைக்கிறார் என்பார். சில நாள் ஷாப்பில் ஃபோர்மேன் நினைக்கிறான், கெட்ட வார்த்தையில் நினைக்கிறான் என்பார். தண்ணீர் குடித்தாலும் புரையேறுகிற நிலை வந்தபோதும் அக்கா அவர் தலையில்தான் தட்டினாள். ஒரு சாண் கீழே, அந்தத் தாடிக்கு உள்ளே, பதில் இருந்தது. இவ்வளவு பேர் தன் புருஷனை நினைக்கிறார்கள் என்று அவள் சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

ஏன் பெண்களுக்கு இது அதிகம் என்று அக்கா கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு பல வருடம் நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர் அன்று சொன்னதைவிட இன்று அதிகம் தெரிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதில் பலர் உறுதியாக இருக்கிறார்கள். இன்னொரு விஷயமும் படித்தேன். வேறு காரணத்தால் இறந்தவர்களின் கழுத்தில் தேடிப் பார்த்தால், அவர்களுக்கே தெரியாமல் இருந்த கடுகளவுக் கட்டிகள் ஆண் பெண் என்று பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லையாம். அப்படியானால், பெண்களிடம் அது அதிகம் கண்டுபிடிக்கப்படுவதற்கு, அவர்கள் அதிகம் பார்க்கப்படுவதும் ஒரு காரணமோ என்கிறார்கள். ஆண்களுக்குக் குறைவாக வரும். வந்தால் தாமதமாகத் தெரியவரும்.

இதைப் படித்தபோது எனக்கு அட்டிகைதான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் பெண்ணின் கழுத்து தனிச்சொத்து அல்ல, பொதுச்சொத்து. எதிரே வருகிறவர்கள் முகத்துக்கு முன்னால் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். தாலி இருக்கிறதா, செயின் எத்தனை பவுன், போன மாதம் இருந்த செயின் எங்கே போயிற்று, அடகா, நாத்தனார் வாங்கிப்போனாளா என்று ஒரே பார்வையில் படித்துவிடுகிறார்கள். ரவிக்கை தைக்கிறவர் அளவெடுக்கிறார். பிரசவத்துக்குப் போனால் நர்ஸ் பார்க்கிறாள். இது அநாகரிகம் என்று அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரைகூட எழுதி அனுப்பினேன். நல்லவேளையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அநாகரிகம்தான் என் அக்காவைக் காப்பாற்றியது. ஆணின் கழுத்தை யார் பார்க்கிறார்கள்? துவைக்கிறவள் பார்க்கிறாள், அதுவும் சட்டைக் காலரில் மிச்சமிருக்கும் அழுக்கை வைத்து. மற்றபடி கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்யும்போது அவனே பார்த்துக்கொண்டால் உண்டு. அந்த ஒரு வழியையும் மாமா சாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

ஐந்து வருடம் முடிந்தது. டாக்டர் அக்காவின் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, இனி வருடம் ஒரு தரம் வந்தால் போதும் என்றார். மாமா அவருக்குக் கைகொடுத்தார். அவருடைய கரகரப்பைக் கேட்டுவிட்டு டாக்டர், "தொண்டை என்ன?" என்று கேட்டதாக அக்காவுக்கு ஞாபகம். "பாக்டரி சார்" என்று மாமா சொன்னார். அவசரமாகத் திருப்பதிக்குப் போக வேண்டியிருந்தது.

நானும் போயிருந்தேன். முடி எடுக்கிற கூடத்துக்கு மாமா உள்ளே போனார். நானும் அக்காவும் வெளியே வெயிலில் நின்றோம். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள். இத்தனை வருடத் தாடி போன முகம் எப்படி இருக்குமோ என்று அவளுக்கு ஒரே குறுகுறுப்பு. "மோவாய்ல ஒரு பள்ளம் இருக்குமே, இருக்குதா இல்லியா பாரு" என்று கல்யாணப்பெண் மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே நடந்ததைப் பிறகு மாமா சொன்னார். தலையை முடித்துவிட்டு, தாடையில் வேகமாக இறங்கிய பிளேடு கழுத்தில் வந்ததும் நின்றுவிட்டதாம். நாவிதர் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் கட்டி இருக்கிறது, பார்த்து எடுக்கிறேன் என்றிருக்கிறார். மாமா, "அது கொழுப்பு, நீ எடு" என்றாராம்.

மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டு மாமா படியிறங்கி வந்தார். யாரோ போல இருந்தார். அக்காவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவும் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். நான் அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் மொட்டை போட்டவரின் தலையைத்தான் பார்ப்போம். அக்காவின் பார்வை கீழே இறங்கியது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

"இன்னாம்மே, பள்ளம் கீதா?"

"நிமிர்ந்து பாருங்க."

அவர் நிமிர்ந்தார். கூடத்து வாசல், கூட்டம், கோவிந்தா சத்தம். அக்கா தன் கையை அவர் கழுத்தில் வைத்தாள். ஐந்து வருடம் டாக்டர்கள் அவள் கழுத்தில் தொட்ட இடத்தையெல்லாம் தானும் தொட்டுப் பார்த்துப் பழகிய கை அது. எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கட்டி நெல்லிக்காய் அளவைத் தாண்டியிருந்தது, அசையவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். தரிசனம் செய்தோம், லட்டு வாங்கினோம், மலை இறங்கினோம். பஸ்ஸில் அக்கா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "அசையலடா."

அதே ஆஸ்பத்திரி, அதே வரிசை. வரிசையில் எல்லோரும் பெண்கள். சீட்டு வாங்குகிற அம்மாள் அக்காவைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க, கழுத்தைக் காட்டணுமா?" என்றார். அக்கா பக்கத்தில் கைகாட்டினாள். "இவருங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது, பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி மாமாவின் கழுத்தைப் பார்த்தார்கள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஊர் பார்த்த கழுத்து ஆகிவிட்டது அது. மாமாவுக்குக் கூச்சமாக இருந்தது. துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டார்.

அக்காவுக்கு வந்த அதே வகைதான். மெதுவாக வளர்கிற வகை. ஆனால் மெதுவாக வளர்வதற்கு அதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிட்டது. மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டு, நுரையீரலுக்கும் போயிருந்தது. முடிந்தவரை எடுத்தார்கள். மருந்து கொடுத்தார்கள்.

மாமா அந்த நிலையிலும் டாக்டரிடம் காற்றுக் குரலில் கேட்டார். "டாக்டர், இது லேடீஸ் ஐட்டம்னு சொன்னீங்களே."

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காதான் பதில் சொன்னாள். "அவரு அதிகம்னுதான் சொன்னாரு. நாமதான் பொம்பளைக்கு மட்டும்னு வீட்டுக்கு எடுத்துக்குனு வந்தோம்."

"முன்னாடியே வந்திருந்தா..." என்று அக்கா ஒருமுறை டாக்டரிடம் ஆரம்பித்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். அந்த ஒரு பொய்க்காக அக்கா எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

மறு வருடம் சித்திரையில் மாமா போனார். அவருக்குத் தாடி திரும்ப வளரவேயில்லை. முளைத்ததை அக்கா அன்றாடம் தன் கையாலேயே மழித்துவிட்டாள், கடைசி நாள்வரை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் நல்ல மனைவி என்று பேசிக்கொண்டார்கள். அது அதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும். காலம் கடந்தபின் கதவைப் பூட்டுகிறவள் மாதிரி, தினமும் அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

மாமாவின் சித்தி சாமியைக் குறை சொன்னார். பிளாக்கில் சிலர் தொழிற்சாலையின் புகையைச் சொன்னார்கள். நான் என் வழக்கப்படி புத்தகங்களைச் சொன்னேன். அக்கா யாரையும் எதையும் சொல்லவில்லை. "எனக்காகத்தான்டா வளத்தாரு" என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள். அதில் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை இல்லாமல் வெறும் துக்கமாக இருந்திருந்தால் அவள் கொஞ்சம் சுலபமாகத் தாங்கியிருப்பாள் என்று தோன்றும்.

அதற்குப் பிறகு ஒரு வருடம், அக்காவின் வருடாந்தரப் பரிசோதனைக்கு நான்தான் துணைக்குப் போனேன். திரும்பும்போது மதிய நேர மின்சார ரயில், கூட்டமில்லை. அக்கா ஜன்னலோரம். வில்லிவாக்கத்தில் ஒரு கடலைக்காரர் ஏறினார். நாற்பது வயதிருக்கும். அடர்ந்த தாடி. குரல் சுத்தமாகப் போயிருந்தது. 'வேர்க்கடலே' என்பதில் 'லே' மட்டும்தான் வெளியே வந்தது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இங்க வா. தொண்டை எத்தினி நாளா இப்படி கீது?"

"இன்னாக்கா நீ, காலீல இருந்து கூவிகினு கீறேன். தொண்ட பின்ன எப்டி இருக்கும்? பொட்டலம் எத்தினி?"

"தாடி எதுக்கு?"

"தாடி கீறதாலதான்கா யாவாரம். பாவம் பாத்து வாங்குவாங்கோ." எதிர் இருக்கையில் இருந்த இருவர் சிரித்தார்கள்.

"ஊட்ல போயி பொண்டாட்டிய கழுத்தப் பாக்கச் சொல்லு."

கடலைக்காரர் கூடையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டார். "ஊட்ல யாருக்கா கீறா, நம்ம கழுத்தப் பாக்க?"

அக்கா எழுந்து நின்றாள். "நிமிரு" என்றாள். நான், "அக்கா, உக்காரு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நான்கு பேர் பார்க்கிறார்களே என்ற அற்பக் கவலைதான். அவள் என் கையை உதறினாள். கடலைக்காரர் என்ன நினைத்தாரோ, கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளையைப்போல முகத்தை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா இரண்டு விரலால் தாடியை ஒதுக்கினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவில். எச்சில் விழுங்கச் சொன்னாள். வண்டி கொரட்டூரில் நுழைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "ஆனா பதினஞ்சு நாள்ல தொண்ட சரியாவலன்னா ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டு பொட்டலம் குடு."

அவர் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே கொரட்டூரில் இறங்கி, பக்கத்துப் பெட்டிக்கு ஓடினார்.

அக்கா உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அம்பத்தூர் போயிற்று, திருமுல்லைவாயில் போயிற்று. நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று தேடினேன், எழுதுகிறவனுக்குத் தொழில் அதுதானே.

"பாத்தியா" என்றாள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "ஒரு கழுத்தப் பாக்க இவ்ளோ நேரந்தாண்டா ஆவுது."